வினாடி வினா தகராறு: முப்படைத் தலைமைத் தளபதி யார்? நெல்மூட்டை யாருக்கு?

வலங்கைமான் வாத்தியார் கேட்டது:

வணக்கம். ஒரு மூட்டை கிச்சிலிச் சம்பா பத்து நாளாக என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை யார் கையில் கொடுப்பது என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு எங்க ஊர் இளைஞர் மன்றத்தில் உறியடி, சாக்கு ஓட்டம், கோலப்போட்டி எல்லாம் முடிந்து கடைசியில் வினாடி வினா. பள்ளிக்கூடத்து ஆள் என்பதால் கேள்வி கேட்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது மூன்று தெருவும் சம மதிப்பெண். நான் கேட்டது இதுதான்: "இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி என்பவர் யார்?" ஆள் பெயர் வேண்டாம், பதவியைச் சொன்னால் போதும் என்றேன்.

பத்தாவது படிக்கிற பெண் ஒன்று, "குடியரசுத் தலைவர்" என்றது. போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பையன், "சிடிஎஸ்" என்றான், அதாவது சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப். குளத்தங்கரைத் தெரு அணியில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர். அவர், "ராணுவத் தளபதிதான்யா, மத்ததெல்லாம் அவருக்குக் கீழ" என்றார். என் தாளில் இருந்த விடை சிடிஎஸ். அதையும் நான் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் பார்த்து எழுதியதுதான். அதைச் சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. "முப்படைகளின் தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர்" என்று அதில் அச்சில் இருக்கிறது. தாத்தா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. விடை எது? அதைவிட முக்கியம், இந்த சிடிஎஸ் உண்மையில் என்னதான் செய்கிறார்? சண்டை என்று வந்தால் "சுடு" என்று சொல்வது அவரா?

டெல்டா டீக்கடை எழுதியது:

வாத்தியாரே, நம்ம ஊர்ல "தளபதி யாரு"ன்னு மைக்குல கேட்டீங்களே, உங்க தைரியத்தைப் பாராட்டறேன். கட்சிக்காரன் ஒரு பேரு சொல்வான், சினிமா ரசிகன் ஒரு பேரு சொல்வான். மூணே பதிலோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.

பழைய பல்டன் எழுதியது:

வாத்தியார் தம்பி, தப்பு பிள்ளைங்க மேல இல்ல, உங்க கேள்வி மேல. தமிழ்ல ஒரே பேரை ரெண்டு இடத்துக்கு வச்சுட்டோம். குடியரசுத் தலைவர்கிட்ட படைகளோட உச்ச அதிகாரம் இருக்குன்னு அரசியல் சட்டம் 53-வது பிரிவு சொல்லுது. பாடப் புத்தகம் அதை "முப்படைகளின் தலைமைத் தளபதி"ன்னு எழுதுது. 2020-ல வந்த சிடிஎஸ் பதவியைப் பேப்பர்காரங்க "முப்படைத் தலைமைத் தளபதி"ன்னு எழுதுறாங்க. நடுவுல ஒரு "களின்"தான் வித்தியாசம். அந்தப் பொண்ணும் சரி, அந்தப் பையனும் சரி.

தாத்தாவும் முழுத் தப்பு இல்ல, காலம் தப்பு. வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் டெல்லியில கமாண்டர்-இன்-சீஃப்னு ஒருத்தர், தரைப்படை ஆளு, மூணு படைக்கும் அவர்தான் தலை. அவரு குடியிருந்த மாளிகைதான் பிறகு நேரு இருந்த தீன் மூர்த்தி பவன். சுதந்திரத்தோட அந்த ஒத்தைத் தலையை எடுத்துட்டு, மூணு படைக்கும் தனித்தனித் தலைவர் வச்சாங்க. 1955-ல கமாண்டர்-இன்-சீஃப்ங்கற பேரையும் எடுத்துட்டாங்க. அக்கம்பக்கத்து நாட்டுல ஜெனரல்கள் ஆட்சியைப் பிடிக்கறதைப் பார்த்த பயம், மூணு படையையும் ஒருத்தன் கையில குடுக்கவே கூடாதுன்னு ரொம்ப வருஷம் இருந்துச்சு. அந்தப் பயத்தோடயேதான் இந்த சிடிஎஸ் பதவியையும் செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு அங்குலமும் அளந்து குடுத்திருக்கு.

நான் யாருன்னு சொல்லிடறேன். 1985-ல திருச்சி ஆளெடுப்புல தேறி, வெலிங்டன்ல பயிற்சி, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல 24 வருஷம், சுபேதாரா வெளியில வந்தேன். இப்ப நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல மூணு மா நிலமும் ரெண்டு மாடும். ஜெனரல்னு ஒருத்தரை நான் பார்த்ததெல்லாம் பரேடு மைதானத்துல, நாப்பது கஜ தூரத்துல. மேல நடக்கறது எனக்குத் தெரியாது. கீழ இருந்து எப்படித் தெரியும்னு சொல்றேன்.

சண்டை வந்தா சுடச் சொல்றது சிடிஎஸ்ஸா? இல்ல. சைபர், விண்வெளி மாதிரி மூணு படைக்கும் பொதுவான சில அமைப்புகள் அவருக்குக் கீழ உண்டு, மத்தபடி எந்தப் படையையும் களத்துல நடத்தற உத்தரவு அவருகிட்ட கிடையாது. தரைப்படைத் தளபதி, கடற்படைத் தளபதி, விமானப்படைத் தளபதி மூணு பேருக்கும் சண்டை உத்தரவு போட முடியாது. பதவியை உண்டாக்கின ஆணையிலயே அப்படித்தான் எழுதியிருக்கு. தோள்ல நாலு நட்சத்திரம், அவங்களுக்கும் அதே நாலு. சம்பளம் ரெண்டரை லட்சம், அவங்களுக்கும் அதேதான். வயசு மட்டும் இவரு 65 வரைக்கும் இருக்கலாம், அவங்களுக்கு 62, இல்லன்னா மூணு வருஷம், எது முந்துதோ அது.

அப்ப என்னத்துக்கு இந்த ஆளுன்னு கேப்பீங்க. எங்க பல்டன்ல, அதாவது பட்டாலியன்ல, சுபேதார் மேஜர்னு ஒருத்தர் இருப்பாரு. எண்ணூறு பேருக்கு ஒரே எஸ்எம் சாப். கம்பெனியை நடத்தறது கம்பெனி கமாண்டர், பிளாட்டூனை நடத்தறது என்னை மாதிரி சுபேதார். எஸ்எம் சாபுக்குக் கம்பெனி கிடையாது, பிளாட்டூன் கிடையாது. ஆனா பல்டனையே நடத்தற சிஓ சாப் பக்கத்துல நாற்காலி உண்டு. லங்கர்ல சாம்பார் தண்ணியா இருக்கறதுலேருந்து, எந்தப் பையன் பொண்டாட்டி பிரச்சனையில தூங்காம கிடக்கான்ங்கற வரைக்கும் சிஓ காதுல போடறது அவரு. அவரு வேண்டாம்னு சொன்னதை எந்தக் கம்பெனி கமாண்டரும் பண்ணி நான் பார்க்கல. சிடிஎஸ்ஸை நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன். பாதுகாப்பு அமைச்சருக்கு மூணு படையும் சேர்ந்த விஷயத்துல முதன்மை ராணுவ ஆலோசகர். மூணு தளபதிகளும் உக்காருற குழுவுக்கு நிரந்தரத் தலைவர். அணு ஆயுத ஆணையத்துக்கும் ராணுவ ஆலோசகர்.

"நிரந்தர"ங்கற வார்த்தையை லேசா எடுத்துக்காதீங்க. அதுக்கு முன்னாடியும் அந்தக் குழுவுக்குத் தலைவர் உண்டு. எப்படின்னா கோயில் மண்டகப்படி மாதிரி, மூணு பேர்ல யாரு மூப்போ அவரு முறை. விமானப்படைத் தளபதி தனோவா 2019 மே கடைசியில தலைவரானாரு, செப்டம்பர் 30-ல ரிட்டயர்டு. நாலே மாசம். அதுவும் தன் படையையும் நடத்திக்கிட்டே. சாமி புறப்பாடு முடியறதுக்குள்ள அடுத்த மண்டகப்படிக்காரர் வந்து நிப்பாரு. அதுல மூணு படைக்கும் பொதுவா பத்து வருஷத் திட்டம் எங்கேருந்து வரும்?

படைங்க தனித்தனியா இருந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு ஒரு உதாரணம். தொண்ணூறுகள்ல ஒரு கூட்டுப் பயிற்சி. எங்க கம்பெனி கப்பல்ல போயி கரையில இறங்கணும். மூணு நாள் கப்பல் வாசம். முதல் நாள் சாயங்காலமே தகராறு. எங்க ரேஷன் அளவு வேற, நேவி ரேஷன் அளவு வேற. நூத்திப் பத்துப் பேருக்கு யாரு கணக்குல சமைக்கறது? கப்பல் ஸ்டோர்காரரு இன்டென்ட் எங்கேங்கறாரு. எங்க கம்பெனி சாமான் கணக்கைப் பார்க்கற சிக்யூஎம்எச் அவருகிட்ட தரைப்படை ஃபாரத்தை நீட்டறாரு. இது எங்க ஃபாரம் இல்லைங்கறாரு அவரு. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு பேரும் டெக்குல நின்னு பேசறாங்க. நாங்க பையில இருந்த சக்கர்பாராவைத் தின்னுட்டு, கடல் ஆட்டத்துல அதையும் வெளிய தள்ளிட்டுப் படுத்தோம். மறுநாள் மேல ரெண்டு பெரியவங்க பேசித்தான் சோறு வந்துச்சு. கரையில இறங்கினப்புறம் எங்க வயர்லெஸ் செட்டும் கப்பல் செட்டும் பேசிக்காது. கடைசியில ஒரு மாலுமிப் பையன் விளக்கைச் சிமிட்டிச் சேதி அனுப்பினான். எதிரி எதிர்ல நின்னு பார்த்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்.

அதே பயிற்சியில விமானப்படைப் பையன் ஒருத்தன் எங்க மேஜர்கிட்ட முறைச்சுக்கிட்டான். மேஜரால அவனை ஒரு நாள் கூட அடைச்சு வைக்க முடியல. எங்களுக்கு 1950 ஆர்மி சட்டம், அவனுக்கு 1950 விமானப்படைச் சட்டம், மாலுமிக்கு 1957 நேவி சட்டம். அவனைத் தாய்ப்படைக்கே திருப்பி அனுப்பிக் காகிதம் எழுதணும். மூணு படையும் கலந்து வேலை செய்யற அமைப்புல தலைமை அதிகாரி எந்தப் படையா இருந்தாலும் நடவடிக்கை எடுக்கலாம்னு சட்டம் வந்தது 2023-ல, அமலானது 2024 மே 10. நான் வீட்டுக்கு வந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு!

இதெல்லாம் சோத்துச் சண்டை. கார்கில்ல உசுருச் சண்டை. 1999 மே மாசம் மலை மேல ஆளு உக்காந்திருக்கான்னு தெரிஞ்சு, தரைப்படை ஹெலிகாப்டர் கேட்டுச்சு. அந்த உயரத்துல அது வேலைக்கு ஆகாது, அதோட அரசாங்கம் சொல்லாம விமானத்தை எறக்க முடியாதுன்னு விமானப்படை சொல்லுச்சு. ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ஆனா ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதி மந்திரிக்கு முன்னாடி வைக்கறதுக்குன்னு ஒரு ஆளு இல்ல. விமானத் தாக்குதல் ஆரம்பிச்சது மே 26. சண்டை முடிஞ்சு, என்ன தப்பு நடந்துச்சுன்னு பார்க்கப் போட்ட குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமண்யம். திருச்சியில பொறந்தவரு, நம்ம காவிரிக்கரை ஆளு. அந்த அறிக்கையைப் பார்த்துட்டு 2001-ல அமைச்சர்கள் குழு சிடிஎஸ் வேணும்னு எழுதுச்சு. ஆளு வந்தது 2020 ஜனவரி. இந்த ஊருல ஒரு மதகைச் சரி பண்ண எத்தனை வருஷம் ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இதுல ஆச்சரியம் இருக்காது.

மதகடி எழுதியது:

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஓர் உவமை சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். கல்லணையில் நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குத் தண்ணீர் பிரிகிறது. கொள்ளிடம் வெள்ளத்துக்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் செயற்பொறியாளர். அவரவர் ஆற்றுக்குத் தண்ணீர் போதவில்லை என்றுதான் ஒவ்வொருவரும் சொல்வார்கள். மேலே ஒரு தலைமைப் பொறியாளர் உட்கார்ந்து இவ்வளவு கன அடி இங்கே, இவ்வளவு அங்கே என்று முறை வைப்பார். சிடிஎஸ் அந்தத் தலைமைப் பொறியாளர்தானே?

இன்னொன்று. மதகில் ஷட்டர் தூக்குகிற ஊழியரை எங்கள் துறையில் லஸ்கர் என்போம். லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை. அந்த வகையில் நானும் முப்பது வருடம் படை நடத்தியவன்தான்!

பழைய பல்டன் எழுதியது:

மதகடி ஐயா, லஸ்கர் விஷயம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, ஒரு சல்யூட்.

உவமை பாதி சரி. உங்க தலைமைப் பொறியாளர் போன் போட்டா தென்பெரம்பூர்ல லஸ்கர் ஷட்டரைத் தூக்கிடுவாரு. சிடிஎஸ் சொன்னா எந்த லஸ்கரும் தூக்க மாட்டாரு. இவரு மூணு செயற்பொறியாளரையும் உக்கார வச்சு, "மூணு பேரும் ஒரே அளவுகோலை வச்சு அளங்க, ஒரே இடத்துல சிமென்ட் வாங்குங்க, ஒருத்தன் லாரி சும்மா நிக்கும்போது இன்னொருத்தன் வாடகைக்கு எடுக்காதீங்க"ன்னு சொல்றவரு. சண்டைக்கான உத்தரவு அமைச்சரவை, பாதுகாப்பு அமைச்சர், பிறகு அந்தந்தப் படைத் தளபதின்னு இறங்குது. அமெரிக்காவுலயும் கிட்டத்தட்ட இப்படித்தான். அங்க கூட்டுத் தளபதிகள் குழுத் தலைவர்தான் படையிலயே உயர்ந்த அதிகாரி, ஆனா 1986-ல போட்ட சட்டப்படி உத்தரவு அதிபர்கிட்டேருந்து பாதுகாப்புச் செயலர் வழியா நேரா களத் தளபதிக்குப் போகும். இவரு பக்கத்துல இருந்து ஆலோசனை சொல்றவருதான்.

ஆனா போன பதிவுல ஒண்ணை விட்டுட்டேன். அது இல்லாம சுபேதார் மேஜர் உவமையும் நொண்டிதான். எஸ்எம் சாப் கையில ஃபைல் கிடையாது. சிடிஎஸ் கையில இருக்கு. பாதுகாப்பு அமைச்சகத்துல ராணுவ விவகாரங்கள் துறைன்னு புதுசா ஒண்ணை உண்டாக்கி, அதுக்குச் செயலாளரா இவரையே உக்கார வச்சாங்க. முன்னாடி தளபதி எழுதற கடிதம் செயலகத்துக்குப் போயி, சிவில் அதிகாரிங்க மேசை மேசையா ஏறி எறங்கும். இப்ப அந்தச் செயலக நாற்காலியிலயே சீருடைக்காரர் உக்காந்திருக்காரு. சண்டைக்கு உத்தரவு போட முடியாத ஆளுக்குக் கையெழுத்து போடற பேனாவைக் குடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா நாலு நட்சத்திரத்தைவிட அந்தப் பேனாதான் பெருசு.

அந்தப் பேனாவுக்கும் வேலி உண்டு. தினப்படி சாமான் வாங்கற ஃபைல் இவரு பக்கம். போர் விமானம், நீர்மூழ்கி மாதிரி பெரிய மூலதனக் கொள்முதல் பாதுகாப்புச் செயலாளர் பக்கம். அந்தக் கொள்முதலை முடிவு பண்ற குழுவுல இவரும் ஒரு உறுப்பினர், அவ்வளவுதான். என்னை மாதிரி ஆளுங்க பென்ஷனோ முன்னாள் படைவீரர் நலத்துறைன்னு வேறொரு துறை. அதனால பென்ஷன் அரியர்ஸுக்கு சிடிஎஸ்ஸுக்கு மனு எழுதப் போறேன்னு கிளம்பற சகாக்கள், தயவு செஞ்சு தபால்தலையை மிச்சம் பண்ணுங்க.

சிடிஎஸ்னா என்னன்னு எனக்குக் கண்ணால புரிஞ்சது ஒரு நாள். 2020 ஜனவரி 20. பொங்கல் முடிஞ்ச வாரம், சம்பா அறுப்பு, வயல்ல மெஷினு நிக்குது. வானத்தைக் கிழிச்சுக்கிட்டு ஒரு சத்தம். அறுத்துக்கிட்டிருந்த ஆளு இன்ஜினை அணைச்சுட்டு அண்ணாந்து பார்த்தாரு. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துல சுகோய் போர் விமானங்களோட ஸ்குவாட்ரன், அதாவது ஒரு விமானப் பிரிவு, தொடங்கற நாளு அது. 222-ம் நம்பர், டைகர்ஷார்க்ஸ். தென்னிந்தியாவுக்கு முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் அதுதான். தொடங்கி வைக்க வந்தவரு ஜெனரல் பிபின் ராவத், சிடிஎஸ் ஆகி மூணு வாரம் கூட ஆகல. சாயங்காலம் டிவியில பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது. விமானம் விமானப்படையோடது. அது தூக்கற பிரம்மோஸ் ஏவுகணை கப்பலை அடிக்க. காவல் காக்கப் போறது வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும், அதாவது நேவிக்காரன் வயல். அங்க நிக்கறதோ குர்க்கா ரைபிள்ஸ்ல வளர்ந்த தரைப்படைக்காரர். மூணும் ஒரே ஓடுதளத்துல. இதுக்குத்தான்யா அந்தப் பதவின்னு வீட்டுல சொன்னேன். "விமானச் சத்தத்துல மாடு பால் சுரக்க மாட்டேங்குது, அதுக்கு யாருகிட்ட சொல்லணும்"னு கேட்டா என் சம்சாரம்.

இன்னொண்ணையும் கவனிச்சேன். ராவத் தலையில குர்க்கா தொப்பி இல்ல. வெளியில இருக்கவங்களுக்கு இது ஒண்ணுமில்லாத விஷயம். எங்களுக்கு ரெஜிமென்ட் தொப்பிங்கறது சாதி, மதம், குலதெய்வம் எல்லாம் சேர்ந்தது. நான் ரிட்டயர்டு ஆகி வந்த அன்னிக்கு அழுதது தொப்பியைப் பெட்டியில வைக்கும்போதுதான். சிடிஎஸ் ஆனா ரெஜிமென்ட் அடையாளம் எதுவும் போடக் கூடாது. தொப்பியில, தோள்ல, பொத்தான்ல எல்லாம் மூணு படையும் சேர்ந்த சின்னம். நாப்பது வருஷம் ஒரே தொப்பியில இருந்த மனுஷன் அதைக் கழட்டி வச்சுட்டுத்தான் அந்த நாற்காலிக்குப் போகணும். பின்னாடி வந்த அனில் சௌகானும் அதே 11 குர்க்கா ரைபிள்ஸ்தான், அவரும் கழட்டினாரு.

நாகைக் கடற்காற்று எழுதியது:

பல்டன் சார், ரெண்டு சந்தேகம். நாகப்பட்டினத்துல இருக்கற நேவிக்காரங்களுக்கு மேலிடம் விசாகப்பட்டினம். தஞ்சாவூர் சுகோய்க்கு மேலிடம் திருவனந்தபுரம். தரைப்படைக்குப் புனே. எங்க கடற்கரைக்கு ஒண்ணு ஆனா மூணு ஊருக்குப் போன் போடணுமா? தியேட்டர் கமாண்ட்னு பேசறாங்களே, அது இதைச் சரி பண்ணவா?

அப்புறம், ராவத் இறந்தப்புறம் அந்தப் பதவி மாசக்கணக்கா காலியா கிடந்துச்சே. காலியா இருந்தும் நாடு ஓடுச்சுன்னா அந்தப் பதவி தேவைதானா? சண்டைக்குக் கேக்கல சார், தெரிஞ்சுக்கத்தான்.

பழைய பல்டன் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு ஆமா, சரியாப் பிடிச்சீங்க. தியேட்டர் கமாண்ட்னா ஒரு திசைக்கு ஒரு தளபதி, அந்தத் திசையில இருக்கற மூணு படையும் அவர்கிட்ட. சிடிஎஸ் பதவியை உண்டாக்கினப்ப குடுத்த பெரிய வேலையே அதுக்கு வழி பண்றதுதான். வருஷக்கணக்கா பேச்சு நடக்குது. அந்தமான்ல மட்டும் 2001-லேருந்தே அப்படி ஒரு கமாண்ட் உண்டு.

ஏன் இழுக்குதுன்னா, நம்ம தஞ்சாவூரையே எடுத்துக்குங்க. அந்த சுகோய்களைக் கடல் தியேட்டர்காரர்கிட்ட எழுதிக் குடுத்துட்டோம்னு வைங்க. நாளைக்கு லடாக்ல சண்டை. விமானம் ரெண்டு மூணு மணி நேரத்துல அங்க போயிடும். ஆனா அனுப்ப மாட்டேன், என் கடலுக்கு யாரு காவல்னு தியேட்டர்காரர் உக்காந்துட்டா? விமானப்படைக்கு அனுமதிச்ச கணக்கு 42 ஸ்குவாட்ரன், கையில இருக்கறது அதைவிட ரொம்பக் குறைவு. குறைச்சலா இருக்கற சாமானைக் கூறு போடாதேங்கறது அவங்க வாதம். குறுவைக்குத் தண்ணி பத்தாத வருஷம் முறைப்பாசனம் வச்சா மதகுல நிக்கறவன் என்ன பேசுவானோ அதேதான். அந்தப் பேச்சை அலட்சியமா ஒதுக்க முடியாது. அதே சமயம், என்னை மாதிரி கரையில இறங்கினவனுக்குத் தலைக்கு மேல பறக்கறவன்கூட நேராப் பேச ஒரு வழி வேணும்ங்கறதும் நியாயம்தான். எனக்கு இதுல தீர்ப்பு சொல்லத் தெரியல. என் மனசு கரையில இறங்கினவன் பக்கம் சாயும், அது என் காலு நின்ன இடம்.

ரெண்டாவது கேள்விக்கு வரேன்.

2021 டிசம்பர் 8. காலையில 11:48-க்கு சூலூர்ல கிளம்பின எம்ஐ-17 ஹெலிகாப்டர். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல இளம் அதிகாரிங்களுக்குப் பேச ராவத் போயிக்கிட்டிருந்தாரு. 12:15-க்கு இறங்கணும், 12:08-க்குத் தொடர்பு போச்சு. குன்னூருக்குப் பக்கத்துல காட்டேரி, நஞ்சப்பசத்திரம். அந்தப் பாதை எனக்குக் கால்ல தெரியும். பத்தொன்பது வயசுல அந்த மலையிலதான் மூட்டை கட்டி ஓட விட்டாங்க. டெல்டாக்காரனுக்கு மலைன்னா தஞ்சாவூர் கோபுரம்தான். முதல் வாரம் மூச்சு வாங்கி வாந்தி எடுத்தேன். அந்த ஊரு மூடுபனி எப்படின்னா, மைதானத்துல ஃபால்-இன்ல நிக்கும்போது பக்கத்து ஆளு தெரிவான், அவனுக்குப் பக்கத்து ஆளு தெரிய மாட்டான், பயிற்சி குடுக்கற உஸ்தாத் சத்தம் மட்டும் எங்கேருந்தோ வரும். திடீர்னு மாறின வானிலையில மேகத்துக்குள்ள போயி, திசை தெரியாம மோதினதா 2022 ஜனவரியில விசாரணை சொல்லுச்சு. எனக்கு அது புதுசா இல்ல.

பதினாலு பேரு. அவரு, அவரு சம்சாரம் மதுலிகா, கூட வந்த அதிகாரிங்க, ஜவான்கள், ஓட்டினவங்க. ஒருத்தர் மட்டும், குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் போராடிப் போனாரு. முதல்ல ஓடினது நஞ்சப்பசத்திரத்து ஜனங்க. குடத்துல, வாளியில தண்ணி மோந்து ஊத்தியிருக்காங்க, வீட்டுல போத்தியிருந்த கம்பளியைக் குடுத்திருக்காங்க. நாட்டோட உச்ச அதிகாரின்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அதே கம்பளிதான் இருந்திருக்கும். பிறகு தரைப்படை அந்த ஊரை ஒரு வருஷத்துக்குத் தத்து எடுத்து, மாசாமாசம் வைத்தியம் பார்த்துச்சு.

பதவி காலியா இருந்தது ஒன்பது மாசத்துக்கு மேல. 2022 ஜூன்ல விதியை மாத்தி, மூணு நட்சத்திர அதிகாரியையும், ரிட்டயர்டு ஆகி 62 வயசு ஆகாதவரையும் எடுக்கலாம்னாங்க. செப்டம்பர் 30-ல சௌகான் வந்தாரு. அவரு 2021 மே மாசமே ரிட்டயர்டு. நடுவுல படை ஓடுச்சுதான். ஏன் ஓடாது? காவலுக்கு நிக்கற ஜவானுக்கு மேல ஹவில்தார் இருக்கான். மூணு தளபதிகள்ல மூப்பானவரு மறுபடி குழுவுக்குத் தலைவரா உக்காந்தாரு, பழைய மண்டகப்படிதான். ஆனா அந்த ஜூன்லதான் அக்னிபத் வந்துச்சு, நாலு வருஷ வேலை, நூத்துல இருபத்தஞ்சு பேருக்குத்தான் நிரந்தரம்னு. ஒரத்தநாடு ரோட்டுல விடியக்காலையில ஓடிக்கிட்டிருந்த பையனுங்க என்கிட்ட வந்து, "மாமா, இது நல்லதா கெட்டதா"ன்னு கேட்டானுங்க. மூணு படைக்கும் ஆளெடுக்கற முறையே மாறுது, அதுக்குன்னு இருந்த நாற்காலியில அன்னிக்கு ஆளு இல்ல. காலியா இருந்தா என்ன ஆகும்னு கேட்டீங்களே தம்பி, இதுதான் என் பதில். என் அக்கா பேரனும் அந்த ரோட்டுல ஓடினவன்தான். அவன் இப்ப படையில இருக்கான்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

தலைப்புக்குப் பக்கத்து விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓடுகிற திருச்சுற்று மாளிகை இருக்கிறதே, அதைக் கட்டியவர் ராஜராஜனின் சேனாபதி. கிருஷ்ணன் ராமன், பட்டப்பெயர் மும்முடிச்சோழ பிரம்மமாராயன். ராஜராஜன் சொல்ல இவர் கட்டியதாகக் கல்வெட்டிலேயே இருக்கிறது. சேனாபதி கையில் கொத்தனார் வேலை! பல்டன் ஐயா சொல்கிற "உத்தரவு இல்லை, ஃபைல் உண்டு" என்பதைப் படித்ததும் அந்தச் சுற்றுச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தையே அண்ணாந்து பார்க்காமல் பக்கவாட்டிலும் கொஞ்சம் பாருங்கள்.

வலங்கைமான் வாத்தியார் எழுதியது:

பல்டன் ஐயாவுக்கு நன்றி. உங்கள் பதிவுகளை அச்செடுத்துக் குளத்தங்கரைத் தாத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். கமாண்டர்-இன்-சீஃப் பற்றி வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, "நான் சொன்னேன்ல" என்றார். மற்றதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் பேசிவிட்டார்.

கேள்வியை நானே தப்பாகக் கேட்டேன் என்று மன்றத்தில் ஒப்புக்கொண்டு, பெண்ணுக்கும் பையனுக்கும் சரிபாதி என்று முடிவானது. நேற்று அளக்கலாம் என்று மூட்டையைப் புரட்டினால், அடியில் எலி ஓட்டை போட்டிருக்கிறது. ஏழெட்டுப் படி போயிருக்கும். அந்தக் குறைச்சலை யார் பங்கில் கழிப்பது என்று இப்போது புதுத் தகராறு.

பழைய பல்டன் எழுதியது:

கேள்வி கேட்டவர் பங்குல.

வலங்கைமான் வாத்தியார் எழுதியது:

எனக்குப் பங்கே இல்லையே ஐயா!

பழைய பல்டன் எழுதியது:

அதான் தம்பி. நாற்காலி உண்டு, கம்பெனி கிடையாது. ஏழு படி நெல்லு உங்க வீட்டுலேருந்து அளந்து போடுங்க.